உறைந்த கடலும் கரியமில வாயுவும்

காரைக்குடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். கரைதிறன் பாடம் வரும்போது, குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரையும், அதனால் துருவக் கடல்கள் கரியமில வாயுவை நிறைய வாங்கிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது வழக்கம். கண்டனூரிலிருந்து வரும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அங்கதான் ஐஸ் மூடியிருக்கே சார், அப்புறம் காத்து எப்படி உள்ள போகும்?"

நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளே ரொம்பக் காலம் இதற்கு "போகாது" என்றுதான் பதில் வைத்திருந்தார்கள். கடலும் காற்றும் எவ்வளவு வாயுவைக் கொடுத்து வாங்குகின்றன என்று கணக்குப் போடும்போது, பனி மூடிய பரப்பை அப்படியே கழித்துவிடுவார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு பனி என்றால், மீதமிருக்கும் பத்துப் பங்கு திறந்த நீருக்கு மட்டும் கணக்கு. அலாஸ்காவிலிருந்து கோசிங்க், பியர்சன், கெல்லி என்ற மூவர் 1976-லேயே கடல் பனிக்குள் வாயு நகர்கிறது என்று எழுதியிருந்தார்கள். ஆனாலும் கணக்குப் போடுகிறவர்கள் பழக்கத்தை விடவில்லை. 2000-க்குப் பிறகுதான் நிலைமை மாறியது.

பனி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கும் முன், வாயு எந்தப் பக்கம் போகும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். காற்றில் இன்று பத்து லட்சம் மூலக்கூறுகளில் 420-க்கு மேல் கரியமில வாயு. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் இது சுமார் 280. கடல்நீரிலும் கரியமில வாயு கரைந்திருக்கிறது. அதற்கும் ஓர் அழுத்தம் உண்டு. நீரிலிருக்கும் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தால் வாயு உள்ளே போகும், அதிகமாக இருந்தால் வெளியே வரும். அவ்வளவுதான் விதி. கடல் நல்லது செய்கிறது, கெட்டது செய்கிறது என்ற பேச்சுக்கெல்லாம் இதில் இடமில்லை. மனிதர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்வதும் இந்த விதிப்படிதான். நாம் காற்றின் அழுத்தத்தை ஏற்றிவிட்டோம், அதனால் வாயு கீழே போகிறது.

இன்னொரு விஷயம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடும், ஆனால் இந்தக் கட்டுரையே அதன்மேல்தான் நிற்கிறது. கடலில் போன கரியமில வாயு வாயுவாகவே இருப்பதில்லை. நீரோடு சேர்ந்து பெரும்பகுதி பைகார்பனேட் ஆகிவிடும், கொஞ்சம் கார்பனேட் ஆகும். கரைந்த வாயுவாகவே மிஞ்சுவது நூற்றில் ஒரு பங்குகூட இராது. காற்றோடு பேரம் பேசுவது அந்த ஒரு பங்கு மட்டும்தான். பைகார்பனேட்டாகப் பதுங்கியிருக்கும் கார்பனுக்குக் காற்றோடு நேரடி உறவு கிடையாது. ஆனால் எதாவது ஒரு காரணத்தால் அந்தப் பைகார்பனேட் மீண்டும் வாயுவாக மாறினால், பேரமே தலைகீழாகிவிடும். கடல் உறையும்போது அப்படி ஒரு காரணம் வந்து சேர்கிறது.

இதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, கேசரிப் பவுடர் ஒரு சிட்டிகை போடுங்கள். ஒன்றில் மட்டும் உப்பு கலக்குங்கள். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கும், அதாவது 200 மில்லி டம்ளருக்கு 7 கிராம், டீஸ்பூனில் குவியலாக ஒன்று. இரண்டையும் ராத்திரி ஃப்ரீஸரில் வையுங்கள். கரண்ட் போகாமல் இருந்தால் காலையில் வித்தியாசம் தெரியும்.

வெறும் தண்ணீர் வைத்த டம்ளர் கல்லாக இருக்கும். ஓரமெல்லாம் தெளிவாகவும், நிறம் நடுவில் ஒதுங்கியும் இருக்கும். உப்பு டம்ளரில் இருப்பது வேறு சரக்கு. வெளிறிப்போய், பால் கலந்தாற்போல இருக்கும். கரண்டியால் குத்தினால் இறங்கும். அதை எடுத்து ஒரு தட்டில் சாய்த்து வைத்துவிட்டு முதலில் சொட்டும் நாலைந்து துளியைப் பாருங்கள். நல்ல ஆரஞ்சு நிறம். நுனிநாக்கில் வைத்தால் உப்பு கரிக்கும், நாம் கரைத்ததைவிடப் பல மடங்கு. கடைசியில் உருகும் தண்ணீரில் நிறமும் குறைவு, உப்பும் குறைவு.

காரணம் எளிது. நீர் உறைந்து படிகமாகும்போது அதன் கட்டமைப்பில் நீர் மூலக்கூறைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. உப்பு, சாயம், கரைந்த வாயு எல்லாவற்றையும் அது வெளியே தள்ளும். தள்ளப்பட்டவை அனைத்தும் படிகங்களுக்கு இடையில் மிஞ்சியிருக்கும் நீரில் போய்ச் சேரும். அந்த நீர் மேலும் மேலும் அடர்த்தியாகும். அடர்த்தியாக ஆக அது உறையும் வெப்பநிலையும் கீழே இறங்கிக்கொண்டே போகும். சமையல் உப்பு கரைசல் முழுக்க உறைய வேண்டுமென்றால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போக வேண்டும். வீட்டு ஃப்ரீஸர் பெரும்பாலும் 18-ஐத் தாண்டாது. அதனால்தான் உப்பு டம்ளரில் எப்போதும் கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கிறது, கரண்டியும் இறங்குகிறது.

துருவக் கடலில் நடப்பதும் இதேதான், அளவுதான் பெரிது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரியில் உறையத் தொடங்கும். உறைந்த பனிக்குள் மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள பைகளும் குழாய்களும் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் அடர் உப்புநீர். பனியின் வெப்பநிலை மைனஸ் 10 என்றால் அந்த நீரில் கிலோவுக்குச் சுமார் 140 கிராம் உப்பு இருக்கும், கடலில் இருப்பதுபோல் நான்கு மடங்கு. அதில் ஒரு பகுதி தன் கனத்தால் குழாய் வழியாகக் கீழே கடலுக்குள் இறங்கிவிடும். புதிதாக உருவான பனி மேலே காற்றுப் படும் பக்கமும் கொஞ்சம் உப்புநீரைத் தள்ளும். அதை உறிஞ்சி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில், பூப்போன்ற பனிப்படிகங்களான உறைபூக்கள் மலரும். படத்தில் பார்த்தால் அழகாக இருக்கும், வாயில் போட்டால் முகம் சுளிக்கும்.

சரி, இந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா, தனித்தனியாகக் கிடக்கின்றனவா? வாயு போய் வருமா என்பது இதைப் பொறுத்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் கணிதவியலாளர் கென்னத் கோல்டனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1998-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். பனியின் கன அளவில் உப்புநீர் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பைகள் துண்டுதுண்டாக நிற்கும், எதுவும் ஊடுருவ முடியாது. 5 சதவீதத்தைத் தாண்டினால் திடீரென்று வழி திறந்துவிடும். ஆயிரத்துக்கு 5 பங்கு உப்புள்ள சாதாரணப் பனியில் இது மைனஸ் 5 டிகிரியில் நடக்கும். மூன்று இடத்திலும் 5 வருவதால் 'ஐந்துகளின் விதி' என்றே இதற்குப் பெயர். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கு வசதியான விதி. இதை ரொம்ப இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. கோல்டன் சொன்னது நெடுக்குப் படிகங்களாக வளர்ந்த பனியில் உப்புநீர் ஓடுவதைப் பற்றி. பொடிப்பொடியான படிகங்களால் ஆன பனியில் வழி திறக்க இன்னும் அதிக உப்புநீர் வேண்டும்.

ஆக, கடும் குளிர்காலத்தில் பனியின் மேல்பகுதி நன்றாக மூடிக்கொள்கிறது. வசந்தத்தில் வெயில் பட்டு மைனஸ் 5-க்கு மேல் வந்ததும் திறந்துகொள்கிறது. கண்டனூர்ப் பெண்ணின் கேள்விக்குப் பாதி பதில் இது. மீதிப் பாதி, திறந்திருக்கும்போது வாயு எந்தத் திசையில் போகும் என்பது.

குளிரக் குளிர உப்புநீர் அடர்த்தியாகிறது என்று பார்த்தோம். கரைந்த கரியமில வாயுவும் கூடவே அடர்த்தியாகிறது. குளிர் அதிகமானால் வாயு நன்றாகக் கரையும் என்பது உண்மைதான், ஆனால் உப்பு அதிகமானால் கரைதிறன் குறையும். இங்கே உப்பின் கையே ஓங்குகிறது. இது போதாதென்று வேறொரு வேலையும் உள்ளே நடக்கிறது. உப்புநீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் நெருங்கி நெருங்கி, ஒரு கட்டத்தில் சேர்ந்து கால்சியம் கார்பனேட் படிகமாகப் படிகின்றன. சோடியம் சல்பேட், சமையல் உப்பு போன்றவை படிவதற்கு இன்னும் அதிகக் குளிர் வேண்டும். உறைபனிக்குள் முதலில் கல்லாகிறது சுண்ணாம்புதான்.

இந்தச் சுண்ணாம்பு சாதாரணச் சுண்ணாம்புக்கல் இல்லை. ஒவ்வொரு கால்சியம் கார்பனேட்டோடும் ஆறு நீர் மூலக்கூறுகளைக் கட்டிக்கொண்டிருக்கும் இக்கைட் என்ற கனிமம். கிரீன்லாந்தின் தென்மேற்கில் இக்கா என்ற குறுகிய கடற்குடாவில் இதே பொருள் கடலடியிலிருந்து தூண்தூணாக, 18, 20 மீட்டர் உயரம் வரை, வளர்ந்து நிற்கிறது. டென்மார்க் கனிமவியலாளர் ஹான்ஸ் பவுலி 1960-களில் அதை ஆராய்ந்து அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். கடுங்குளிரில்தான் அது நிலைக்கும். அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் கொஞ்ச நேரத்தில் சேறாகக் குழைந்து, தண்ணீரும் சாதாரணச் சுண்ணாம்புமாகப் பிரிந்துவிடும். கடல் பனிக்குள் இக்கைட் இருப்பது 2008 வரை உறுதியாகாமல் போனதற்கு இந்தக் குணமும் ஒரு காரணம். பனியை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சாவகாசமாக உருக்கினால் படிகம் போயே போய்விடும். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் டீக்மன் குழு அண்டார்க்டிக் பனியைக் குளிரிலேயே உருக்கி, மில்லிமீட்டருக்கும் சிறிய அந்தப் படிகங்களைப் பிடித்தது. 2010-ல் ஆர்க்டிக் பனியிலும் இருப்பது தெரிந்தது.

இந்த இடத்தில்தான் செட்டிநாட்டுக்காரர்களுக்கு ஒரு குழப்பம் வரும், எனக்குப் பாடம் நடத்தும்போது வருடா வருடம் வரும். நம் ஊர் வீடுகளின் சுவரைப் பாருங்கள். கிளிஞ்சலைக் காளவாசலில் சுட்டு, நீற்றி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து, கண்ணாடிபோல மெழுகிய சுவர். சுண்ணாம்புச் சுவர் நாள்பட நாள்பட இறுகும் என்று கொத்தனார்கள் சொல்வார்கள். அது வெறும் பெருமை இல்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி வாங்கித்தான் மீண்டும் கல்லாகிறது. காளவாசலில் எந்த வாயுவை விட்டதோ அதையே சுவரில் திரும்ப வாங்குகிறது. கானாடுகாத்தானில் நூறு வருடம் நிற்கும் ஒரு வளவு, தன் பூச்சுக்குள் அந்தக் காலத்துக் காற்றைக் கொஞ்சம் கல்லாக்கி வைத்திருக்கிறது என்று சொன்னால் தவறில்லை.

அப்படியானால் பனிக்குள் சுண்ணாம்புக்கல் உருவாகும்போதும் கரியமில வாயு உள்ளே இழுக்கப்பட வேண்டும், இல்லையா? மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். நடப்பது நேரெதிர். சுவரில் சுண்ணாம்போடு சேர்வது காற்றிலிருந்து வரும் வாயு. கடல்நீரில் கார்பன் வெளியிலிருந்து வருவதில்லை, ஏற்கெனவே பைகார்பனேட்டாக நீருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு கால்சியமும் இரண்டு பைகார்பனேட்டும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு கால்சியம் கார்பனேட், ஒரு நீர், ஒரு கரியமில வாயு. உள்ளே போன கார்பன் இரண்டு. அதில் ஒன்று கல்லுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, மற்றொன்று வாயுவாக வெளியே தள்ளப்பட்டது. பதுங்கியிருந்த பைகார்பனேட் காற்றோடு பேரம் பேசும் வாயுவாக மாறிவிட்டது. கல் விளையும் வேலையில் சுவர் வாயுவைக் குடிக்கிறது, கடல்நீர் வாயுவைக் கக்குகிறது. இதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

கோடையில் பனி உருகும்போது இதே சமன்பாடு பின்னோக்கி ஓடும். படிகம் கரையும், கரைய ஒரு கரியமில வாயுவும் ஒரு நீரும் வேண்டும், இரண்டு பைகார்பனேட் திரும்பக் கிடைக்கும். அதாவது உருகும் பனி வாயுவுக்குப் பசியோடு இருக்கும். கூடவே உருகிய நல்ல தண்ணீர் உப்புநீரை நீர்க்கச் செய்வதால் அதிலிருக்கும் வாயுவின் அழுத்தமும் சரியும். பனியின் அடிப்பக்கம் குளிர்காலம் முழுவதும் காத்திருந்த டயாட்டம் பாசிகள் வெளிச்சம் கண்டதும் பெருகி, ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயுவை எடுக்கும். பனியைத் துளைத்து எடுத்தால் அடிமுனை பழுப்பாக இருப்பது இவற்றால்தான். இந்த மூன்றும் சேர்ந்து, குளிரில் காற்றைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம் காட்டிய உப்புநீர், கோடையில் ஏறத்தாழ வாயுவே இல்லாத நிலைக்கு இறங்கும்.

அப்போ குளிர்காலத்தில் விட்டதைக் கோடையில் வாங்கிக்கொண்டால் கணக்கு நேராகிவிடுமே? ஆகலாம். ஆகாமலும் போகலாம். யார் எங்கே போனார்கள் என்பதைப் பொறுத்தது.

குளிர்காலத்தில் உருவான வாயு பனியின் மேற்பரப்பு வழியாகக் காற்றுக்குத் தப்பிவிட்டது, படிகம் பனியிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடையில் படிகம் கரையும்போது அதே அளவு வாயுவைத் திரும்ப எடுக்கும். வருட முடிவில் மிச்சம் பூஜ்ஜியம். இல்லை, வாயுவும் படிகமும் இரண்டுமே உப்புநீரோடு கடலுக்குள் இறங்கிவிட்டன என்றால், அங்கே படிகம் கரைந்து அந்த வாயுவையே எடுத்துக்கொள்ளும். அப்போதும் பூஜ்ஜியம். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. படிகம் பனியில் சிக்கிக்கொண்டது, வாயு மட்டும் கனமான உப்புநீரோடு ஆழத்துக்குப் போய்விட்டது. இப்போது கோடை வந்து படிகம் கரையும்போது, அதற்கு வேண்டிய வாயுவுக்குக் காற்றைத்தான் பிடிக்க வேண்டும். குளிர்காலத்தில் ஒரு பங்கு கார்பன் கீழே அனுப்பப்பட்டது, கோடையில் ஒரு பங்கு மேலிருந்து இறக்கப்பட்டது. வருடா வருடம் கடலுக்கு வரவு.

டென்மார்க்கைச் சேர்ந்த ஸோரன் ரிஸ்கார்டும் அவர் குழுவினரும் 2007-ல் இந்த மூன்றாவது வழியைத்தான் 'கடல் பனிப் பம்ப்' என்று விவரித்தார்கள். எனக்கு இந்தக் கருத்து ரொம்பப் பிடிக்கும், ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக அது எல்லா இடத்திலும் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கீழே இறங்கிய உப்புநீர் எவ்வளவு ஆழம் போகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில், முக்கியமாக அண்டார்க்டிக் கரையோரங்களில் காற்று பனியை ஓயாமல் கடலுக்குத் தள்ளித் திறந்த நீரை மிச்சம் வைக்கும் பகுதிகளில், அது அடியாழம் வரை போய்ப் பல நூறு வருடம் வெளியே வராது. வேறு இடங்களில் சில பத்து மீட்டரில் நின்றுவிடும். அடுத்த குளிர்காலப் புயல் கலக்கும்போது மேலே வந்துவிடும். அப்படி வந்தால் பம்ப் இறைத்தது பம்புக்கே திரும்பியதாகத்தான் அர்த்தம்.

அளவு எவ்வளவு என்று கேட்கிறீர்களா? பனியின் மேல் ஒரு மூடிய பெட்டியைக் கவிழ்த்து வைத்து, உள்ளே கரியமில வாயு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் பார்ப்பது ஒரு முறை. அதில் கிடைக்கும் எண்கள் பெரும்பாலும் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்குச் சில மில்லிமோல்தான். ஒரு மில்லிமோல் கரியமில வாயு என்பது 44 மில்லிகிராம். ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பனி, சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமோல் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள்: நாளொன்றுக்கு 4.4 லட்சம் டன். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் உலகம் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்து வெளிவிடுவது நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி டன். அதில் இது அரை சதவீதத்தைத் தொடாது. கடல் பனி உலகத்தைக் காப்பாற்றப் போகிறது என்றோ கெடுக்கப் போகிறது என்றோ யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டலாம். துருவக் கடல்களின் கார்பன் கணக்குக்கு மட்டும் இது தவிர்க்க முடியாத எண்.

அளப்பதிலும் சிக்கல் உண்டு. பெட்டி முறை ஒரு பானை அகலத்துக்குத்தான் சொல்லும். பத்தடி தள்ளி ஒரு விரிசல் இருந்தால் அதற்குத் தெரியாது. கம்பம் நட்டு, காற்றின் மேல் கீழ் அசைவையும் அதிலிருக்கும் வாயுவையும் நொடிக்குப் பத்து முறை அளக்கும் முறையில் பெரிய பரப்பு அடங்கும். ஆனால் ஆரம்பகால அளவுகள் பெட்டி காட்டியதைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தன. அப்புறம்தான் தெரிந்தது, கடுங்குளிரில் கருவியின் சொந்தச் சூடே அதன் வழியே போகும் காற்றை லேசாகச் சூடாக்கி, அளவைக் கோணலாக்கிவிடுகிறது என்று. இப்போது மூடிய குழாய்க்குள் காற்றை இழுத்து அளக்கிறார்கள். உப்பும் துருப்பிடித்தலும் கருவிகளை என்ன பாடு படுத்தும் என்பதைக் காரைக்குடியில் யாருக்கும் சொல்ல வேண்டாம், இங்கிருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நடக்கிறது.

குளிர்கால அளவுகள் நீண்டகாலமாகக் குறைவாகவே இருந்தன. மாதக்கணக்கில் இருட்டு, மைனஸ் 30, எப்போது பிளக்கும் என்று தெரியாத பனி. யார் போய் உட்கார்ந்து பெட்டி கவிழ்ப்பது? ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் கப்பல் 2019 அக்டோபரில் வேண்டுமென்றே ஆர்க்டிக் பனியில் சிக்கிக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருடம் அதோடு மிதந்தது. மொசைக் என்ற அந்தப் பயணத்தில் பனி, கடல், காற்று எல்லாவற்றையும் பருவம் முழுக்க அளந்தார்கள். நம் நாட்டுக்கும் அந்தப் பக்கம் கால் உண்டு. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008 முதல் ஹிமாத்ரி நிலையம் இருக்கிறது, பக்கத்துக் கடற்குடாவில் 2014-ல் இண்டார்க் என்ற நீரடிக் கருவித்தொகுப்பை இறக்கினார்கள். இரண்டையும் கோவாவிலிருக்கும் தேசிய துருவ ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. வேதியியல் படித்தால் வாத்தியார் வேலைதான் என்று வீட்டில் சொன்னால் இதையும் சொல்லிப் பாருங்கள்.

இனி பனி குறைந்துகொண்டே போகும் காலத்துக்கு வருவோம். ஆர்க்டிக்கில் மார்ச் வாக்கில் பனி சுமார் 1.5 கோடி சதுர கிலோமீட்டர் வரை பரவும், செப்டம்பரில் சுருங்கும். 2012 செப்டம்பரில் 34 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை சுருங்கியதுதான் செயற்கைக்கோள் காலத்தில் பதிவான மிகக் குறைந்த அளவு. பல வருடம் உருகாமல் நிற்கும் பழைய பனி அங்கே வெகுவாகக் குறைந்துவிட்டது. அதன் இடத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் புதிதாக உறைந்து கோடையில் போய்விடும் ஒருவருடப் பனி. பழைய பனியில் உப்பு ஏற்கெனவே வடிந்துபோயிருக்கும், ஆகவே குழாய்களும் குறைவு. புதுப்பனியில் உப்பு அதிகம், வழியும் அதிகம். மொத்தப் பரப்பு சுருங்கினாலும், மேலே சொன்ன வேதியியல் வேலைகள் நடக்கும் வகைப் பனியின் பங்கு கூடிக்கொண்டு வருகிறது.

பனி விலகினால் குளிர்ந்த கடல் நேரடியாகக் காற்றைத் தொடும், கரியமில வாயுவை வாரி எடுக்கும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது. 2008 கோடையில் சீனாவின் ஷுவேலாங் கப்பலில் கனடா ஆழ்படுகைப் பக்கம் போய் அளந்த வெய்ஜுன் சாய் குழு 2010-ல் வேறு கதை சொன்னது. பனி விலகியதும் மேல்நீர் வேகமாக வாயுவை எடுத்தது உண்மை. ஆனால் உருகிய நல்ல தண்ணீர் லேசாக இருப்பதால் மேலேயே ஒரு படலமாக நின்றுவிட்டது, கீழ்நீரோடு கலக்கவில்லை. மெல்லிய அந்தப் படலம் சீக்கிரமே நிறைந்துவிட்டது, வெயிலில் சூடும் ஏறியது. பாசி வளரச் சத்தும் கீழிருந்து வரவில்லை. வாங்கும் திறன் சுருங்கிவிட்டது. இதேபோன்ற நல்ல தண்ணீர்ப் படலம் இல்லாத, ஆழம் குறைந்த, சத்து நிறைந்த ஓரக் கடல்களில் நிலைமை வேறு. அங்கே கோடையில் கடல் நன்றாகவே வாங்குகிறது.

அண்டார்க்டிக் வேறு விதமான ஊர். அங்கே பெரும்பாலும் ஒருவருடப் பனிதான், செப்டம்பரில் 1.8 கோடி சதுர கிலோமீட்டர் வரை பரவி, பிப்ரவரிக்குள் பெரும்பகுதி போய்விடும். மேலே வெண்பனி அவ்வளவு கனமாக விழும், அந்தப் பாரத்தில் பனிப்பாளம் நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்து, விளிம்பிலிருந்தும் விரிசல் வழியாகவும் கடல்நீர் மேலே ஏறிவிடும். பனியின் மேல்பகுதியிலேயே உப்புநீரும் பாசியும் சேர்ந்து ஒரு புது உலகம். காற்றோடு தொடர்பும் அங்கே நெருக்கம்.

எல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள், "அப்போ ஐஸ் போனா நல்லதா கெட்டதா சார்?" கரியமில வாயுக் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால், லாபமும் நட்டமும் கலந்த சின்னத் தொகை. வெப்பக் கணக்கு அப்படி இல்லை. வெண்பனி போர்த்திய கடல் பனி தன்மேல் விழும் வெயிலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும், திறந்த கடல் தொண்ணூறு பங்குக்கு மேல் விழுங்கிக்கொள்ளும். பனி போவதால் வரும் நட்டத்தில் பெரும்பங்கு அந்த வெயிலில்தான் இருக்கிறது. கரியமில வாயு அதற்குப் பின்னால் வரும் இரண்டாவது வரி.